பச்சைக் கூரையும் ஒரு உஷ்ஷும்

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓர்லாண்டோவில் கேளிக்கைப் பூங்காவின் இரவுக் காட்சியைப் படமெடுக்கிறவர்கள், காட்சி ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. ஒரு தும்மல் விழுந்தாலும் வீடியோ குப்பைக்குத்தான். பக்கத்தில் கைக்குழந்தை அழுதால்கூட முறைத்துப் பார்க்கிற ஜென்மங்கள் நாங்கள். என் தம்பி லோவெலுக்கும், அவனோடு மூன்று வருடமாகப் பழகும் மாரிசெலாவுக்கும் இந்தச் சட்டத்தைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

அன்றுதான் காட்சியில் புது லேசர் கதிர்களை முதன்முதலாக விடும் நாள். மூன்று மணி நேரம் முன்பே போய் ஏரிக்கரைக் கம்பியோரம் இடம் பிடித்துவிட்டோம். மாரிசெலா லெமனேட் வாங்கப் போன நேரம் பார்த்து லோவெல் என் காதைக் கடித்தான்.

"அக்கா, மோதிரம் பாக்கெட்ல இருக்கு. நடுவுல இசை நின்னு நீல வெளிச்சம் எழும்புமே, அப்போ மண்டி போடப்போறேன். கேமராவ எங்க பக்கம் திருப்பிடு."

"காட்சி ஓடும்போது பேசப்போறியா? வெக்கமா இல்ல?"

"வாழ்க்கையில ஒரு தடவைக்கா! மறந்துடாத."

"பதினோரு வருஷமா கேமரா பிடிக்கிறவகிட்ட சொல்ற பேச்சா இது? போடா."

காட்சி தொடங்கியது. அந்த இடமும் வந்தது, இசை நின்றது. நீல வெளிச்சம் எழவில்லை. அக்கரையிலிருந்து பச்சைக் கதிர்கள் சீறி வந்து எங்கள் தலைக்கு மேல் கூரையாக விரிந்தன. அதற்குள் புகை தண்ணீர் மாதிரி ஓடியது. இத்தனை வருடம் பார்த்த அதே ஏரிதானா இது என்று மலைத்துப் போனேன். கேமரா தானாக மேலே போனது. பொய் சொல்வானேன், நான்தான் தூக்கினேன்.

முடிந்து திரும்பினால் லோவெலைக் காணோம்.

"எங்க போனான் இவன்?" என்றாள் மாரிசெலா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடியோவை ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சைக் கூரை. அந்த நிசப்தத்தில் தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாரிசெலா, என்னைக் கட்டிக்கிறியா?"

அடுத்து அவளுடைய குரல்.

"உஷ்! வாய மூடு, எல்லாத்தையும் கெடுக்காத!"

மாரிசெலாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அது அவனா? யாரோ பேசுறாங்கன்னுதான்... வெர்னா அக்கா, நான் திரும்பிக்கூடப் பாக்கலையே! மேலயே பாத்துட்டு நின்னேனே!"

"நான் மட்டும் என்ன கிழிச்சேன்? பக்கத்துல நின்னும் எனக்குக் காதுல விழலையே! உங்கள எடுக்கச் சொன்னான், நான் கூரைய எடுத்து வச்சிருக்கேன்." எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அவன் போன் அணைந்து கிடந்தது.

"போயிட்டானாக்கா?"

"கார் சாவி என்கிட்ட இருக்கு. அது கிடக்கட்டும், பத்தரைக்கு ரெண்டாவது காட்சி இருக்குல்ல? நெஞ்சே வெடிச்சாலும் அதப் பாக்காம என் தம்பி போகமாட்டான்."

நினைத்தபடியே எதிர்ப் பாலத்தில், தொங்கிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஊழியர் பாலத்தின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார். கெஞ்சினோம், விடவில்லை. விளக்குகள் அணைந்தன.

மாரிசெலா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எங்களைச் சுற்றி நாற்பது கேமராவாவது இருக்கும், எல்லாம் எங்கள் ஆட்கள். இசை நின்றது. பச்சைக் கூரை விரிந்தது.

"லோவெல்! கட்டிக்கிறேன்டா! கேக்குதா? கட்டிக்கிறேன்!"

கரை முழுக்க "உஷ்!" என்று சீறியது. "போச்சு, என் வீடியோ போச்சு!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். பாலத்தில் லோவெல் திடுக்கிட்டுத் திரும்பினான். ஒரு நொடி விழித்தான். பிறகு மோதிரப் பெட்டியைத் திறந்து தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, குழந்தை மாதிரி அழுதான்.

அந்த முறை லேசர்கள் என்ன செய்தன என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேமராவை அவன் முகத்தைவிட்டு எடுக்கவே இல்லை.