தொட்டி சுடுகிறது, குழாய் சுடவில்லை

மின்சாரத்தில் சுடவைக்கும் புது வெந்நீர்த் தொட்டியின் உச்சியில் கை வைத்தால் சுட்டது. குளியலறைக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பு. அரை நிமிடத்தில் அதுவும் போய்ப் பச்சைத் தண்ணீர். மதியம் முழுக்க எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மனைவி முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வலத் தோள் இறுகி வலிப்பதால், பத்து நிமிடம் வெந்நீர் விட்டால்தான் அந்தக் கை தலைக்கு மேலே எழும். பழைய தொட்டி ஓட்டையானதிலிருந்து இரண்டு நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. குழாய் வேலை செய்யும் தன் தம்பியைக் கூப்பிடலாம் என்றாள். நான்தான் வீறாப்பாக, நானே மாட்டுகிறேன் என்றேன்.

அதில் மாயம் ஒன்றுமில்லை. தொட்டியின் அடியில் இரண்டு வாய்கள். நீல வளையத்தில் நுழையும் பச்சைத் தண்ணீர் கீழேயே தங்கும். சுட்ட நீர் லேசானது. மேலே ஏறி நிற்கும். சிவப்பு வளையத்துக்குள் ஒரு நீளக் குழல் உச்சிவரை போகிறது. சுட்ட நீர் அதன் வழியாக இறங்கிக் குழாய்க்கு வரும்.

பழையது இடுப்புயரத்தில் இருந்தது. கழற்றுவதற்கு முன் அதன் அடியில் மல்லாந்து படுத்து, பார்த்ததைச் சீட்டில் எழுதினேன்: நீலம் இடம், சிவப்பு வலம். புதியதை எதிரே நின்று பார்த்தபோதோ நீலம் வலப்பக்கம் இருந்தது. கம்பெனிக்காரன் பக்கத்தை மாற்றிவிட்டான் என்று, இணைப்புக் குழாய்களைக் குறுக்கே போட்டு மாட்டினேன். இதைக் கவனித்தேனே என்று பெருமை வேறு.

இப்போது மனைவி ஒரு கையில் தம்பியைக் கூப்பிட எடுத்த கைப்பேசி, மறு கையில் அந்தச் சீட்டோடு வந்து நின்றாள்.

"எப்படிப் படுத்தீங்களோ, அப்படியே படுங்க."

சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். அவள் என் காலடியில் நின்றாள்.

"இடது கையைத் தூக்குங்க. அது எனக்கு எந்தப் பக்கம்?"

வலப்பக்கம். குழப்பத்தோடு இரண்டு கைகளையும் பார்த்தேன்.

"கடையில நாற்காலியை என் பக்கம் திருப்பிட்டா எல்லாருக்கும் இப்படித்தாங்க. தொழிலுக்கு வந்த புதுசுல எத்தனை பேருக்குத் தப்புப் பக்கம் வெட்டியிருக்கேன் தெரியுமா?"

அப்படியானால் பழையதிலும் நீலம் வலப்பக்கம்தான்; நான் குறுக்கே மாட்டியதால் பச்சைத் தண்ணீர் நீளக் குழல் வழியாக உச்சிக்குப் போய்க் கொட்டுகிறது. அடித் தண்ணீர்தான் குழாய்க்கு வருகிறது. மின்சாரத்தை நிறுத்தி, நீரை வடித்து, குழாய்களை நேராக மாட்டினேன். ஒவ்வொரு திருகுக்கும் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் குளிக்கப் போனாள். கதவிடுக்கில் ஆவி கசிந்தது. பிறகு கதவுக்கு மேலே ஒரு கை எழுந்து, ஈரத் துண்டைப் போட்டது. இந்தப் பக்கமிருந்து பார்த்த எனக்கு மறுபடியும் குழம்பிவிட்டது.

"அது எந்தக் கை?"

"வலிக்கிற கைதாங்க."