வைக்கோல் வேகும் பதம்

செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கும் அட்டை மில்லில் நான் வைக்கோல் வேகவைப்பவன். பெரிய இரும்பு உருண்டைக்குள் வைக்கோலும் காரச் சோடாவும் தண்ணீரும் அடைத்து, ஆவி விட்டு, ஆறு மணி நேரம் சுற்ற விடுவோம். வைக்கோலை விறைப்பாக நிறுத்தும் பசை கரைந்து கருந்தண்ணீராக இறங்கிவிடும். மிஞ்சும் நார்தான் அட்டை. அந்தக் கருந்தண்ணீர் வாடை எத்தனை முறை குளித்தாலும் உடம்பை விடாது.

கல்யாணமான நான்காம் மாதம் பொன்னி கடலோரத்து நெம்மேலிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "உம்மேல கோவமில்ல. பக்கத்துல குந்தினா கொமட்டுது. வேற வேல பாத்துக்கினு வந்து இட்டுனு போ" என்றாள். ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் பாயில் அவளுக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறேன்.

மில் கேட்டில் வைக்கோல் வண்டிகளுக்குச் சீட்டு எழுதுகிறவர் இந்த வருஷம் வேலையை விட்டு நிற்கப்போகிறார் என்று தெரிந்து, முப்பத்தைந்து வயதில் பாதிரியார் பள்ளியில் எழுத்துக் கற்றேன். மானேஜர் வாசுதேவன் நான் எழுதிய சீட்டைப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா சடையப்பா, உன்னைப் போல விரலால அழுத்திப் பதம் பார்க்க வேற ஆளில்லையே. நாளைக்குச் சொல்றேன்."

வெளியே வந்ததும் கூட்டாளி அருணகிரி காதைக் கடித்தான். "மச்சான், நாளைக்குப் பதம் கேட்டாருன்னா, வெரலு மரத்துப்போச்சு, தெரியலன்னு சொல்லு. சோடாவுல ஊறின கை, நம்பிடுவாரு. எங்க, சொல்லிப் பாரு."

"தெரியலீங்க."

"புதுமாப்ள மாதிரி சிரிக்காத. மூஞ்சிய தொங்க வுட்டுக்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் ஆவியை இறக்கி மூடியைத் திறந்தோம். மானேஜர் வந்து நின்றார். அருணகிரி கொக்கியால் ஒரு பிடி இழுத்து, கண்ணைக் காட்டி, என் கையில் வைத்தான். அழுத்தினேன். கணுக்களில் இன்னும் முறுக்கு இருந்தது.

"இன்னும் அரை மணி வேகணும்" என்று வாய் சொல்லிவிட்டது.

மானேஜர் சிரித்தார். "இந்தக் கையைக் கேட்டுக்கு அனுப்புவேனா?"

அவர் போனதும் அருணகிரி தலையிலடித்துக்கொண்டான். "இன்னாடா நீ?"

"வேகல, அண்ணாத்த."

"நீதான்டா வெந்துனு கீற."

சாயங்காலம் பொன்னிக்கு எழுத ஒரு தபால் கார்டு வாங்கினேன். வேலை கிடைத்த சேதியைத்தான் அவளுக்கு முதலில் எழுதவேண்டும் என்று அதுவரை ஒன்றுமே எழுதாமல் இருந்தேன். தபால்காரர்தான் படித்துக் காட்டுவார் என்பதால் மனதில் இருந்ததெல்லாம் எழுத முடியவில்லை.

"பொன்னி, கேட்டு வேலை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடற்கரைக்கு வா. காற்று உன் பக்கமிருந்து என் பக்கம் அடிக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்."