ஆளி விதையும் ஒரு அட்டை மாத்திரையும்

ஆளி விதையைப் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். முழுசாக விழுங்கினால் வந்த வழியே போய்விடும். இதை எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, என் மனைவி. முதல் வாரம் முழு விதையாகவே தயிரில் போட்டுக் கொடுத்தவள், எதையோ படித்துவிட்டு, "ஒரு வாரம் வீணாப் போச்சுங்க" என்று நொந்துகொண்டாள். அன்றே வாணலியில் லேசாக வறுத்து, மிக்ஸியில் அடித்து, பாட்டிலில் நிரப்பினாள். கஞ்சியில் ஒரு ஸ்பூன், தயிரில் ஒரு ஸ்பூன், கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஆபீசில் நடந்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று வந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். என் மனைவி ஆளி விதையைப் பற்றிக் கேட்டாள்.

"தாராளமா குடுங்க. நார்ச்சத்து இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு. கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறையவும் செய்யும். ஆனா அது சாப்பாடும்மா, மாத்திரைக்குப் பதில் இல்ல" என்றார்.

முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது. அவளுடைய அப்பா கடைசி காலத்தில் வேளைக்குக் கைநிறைய மாத்திரை விழுங்கியும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மாத்திரை என்றாலே ஆகாது.

"மூணு மாசம் எனக்குக் குடுங்க. மாத்திரையே வேண்டாம். என் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போய் மாத்திரையை வாங்கி, டூல் பையில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். சாகவும் பயம், அவளிடம் சொல்லவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நல்லபிள்ளையாக இருந்தே காலத்தை ஓட்டியவன் நான். வீட்டில் பொடி, வேலை செய்யும் இடத்தில் மாத்திரை என்று மூன்று மாதம் போனது.

கொலஸ்ட்ரால் பாதிக்குப் பாதி இறங்கியது. ரிசல்ட் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பாவைக் காப்பாற்ற முடியாதவள் புருஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று பூரித்துப்போய் நிற்கிறாள்; அவளிடம் எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அவள் போனை எடுத்து ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். உட்காரும்போதே சிரித்தார்.

"மாப்பிள்ளை, உங்களைப் பார்த்துதான் எனக்கும் தைரியம் வந்துச்சு. எல்லா மாத்திரையையும் நிறுத்தி இன்னியோட பதினோரு நாள். ரெண்டு வேளையும் விதைதான்."

என் மனைவி அண்ணனுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பாட்டில் பொடியோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"மச்சான், நீங்க நிறுத்தக்கூடாது. உங்க விஷயம் வேற" என்றேன்.

"அதென்ன வேற? நீங்க நிறுத்தலையா?"

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீங்க கேட்டீங்களா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எழுப்பிய சுவர்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் தினமும் சொல்வேன்: கதவைத் தள்ளாதீங்க, அமைதியா இருங்க, வெளியே இருந்து திறக்கறோம். இதை வெளியே இருந்து திறக்க ஒரு ஆள்கூட இல்லை. பேசிக்கொண்டே மச்சான் இடது தோளை ஒரு தடவை நீவிவிட்டார். வெறும் பழக்கமாகக்கூட இருக்கலாம். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

எழுந்து போய் டூல் பையை எடுத்து வந்தேன். கிரீஸ் ஒட்டிய மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தேன்.

"முதல் நாள்லேர்ந்தே போடறேன். ஒரு நாள்கூட விடல. விதை மட்டும் இல்ல மச்சான்."

அவர் அட்டையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அண்ணா, இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணு. எதைப் போடணும்னு கேளு" என்றாள்.

அவர் பேசினார். அடுத்த கால் மணி நேரத்தில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதன்பின் அவள் என் எதிரில் உட்கார்ந்து போனை எடுத்தாள். யாரிடமெல்லாம் சொன்னாளோ, அத்தனை பேரையும் வரிசையாக அழைத்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு.

"நான் சொன்னது தப்புங்க. எங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம மாத்திரையும் சாப்பிட்டிருக்காரு. நீங்க விதை சாப்பிடுங்க, ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க."

எழுந்துபோக எனக்குக் கால் வரவில்லை. அவள் அவமானப்படுவதைப் பதினொரு தடவை கேட்டேன். ஒரு தடவைகூட அவள் குரல் உடையவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பன்னிரண்டாவது நம்பரை அழுத்திவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா. இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது. மாமியார் எடுத்தார். "அத்தை, நான்தான்" என்றேன்.

"மாப்பிள்ளையா? ஆயுசு நூறு, இப்பதான் நினைச்சேன். உங்க புண்ணியத்துல நானும் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்."

எதிரே என் மனைவி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க பொண்ணு பொய் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.