பிரஸ் ஷாப் காதுகள்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று சொன்னால், எனக்கு வாய் அதிகம், அதனால்தான் மனிதர் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வாய்க்கு முன்னால் ஒரு நாளும், அவர் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப்பில் ஒரு நாளும் நின்றுவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அங்கே இரும்புத் தகட்டை வைத்துக் கார் கதவாக அடித்து எடுப்பார்கள். ஒரே ஒரு தடவை சாப்பாடு கொடுக்க உள்ளே போனேன். அன்று முழுக்க என் தலைக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை, உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரில் நிற்பவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார். கேலி, கிசுகிசு, சூப்பர்வைசரைத் திட்டுவது எல்லாம் அப்படியே நடக்கும். கல்யாணமான புதிதில் இவர் எனக்கும் கற்றுக்கொடுத்தார். மாமியார் முன்னால் எங்கள் சண்டையெல்லாம் அந்தப் பாஷையில்தான்.

கம்பெனி டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிப்பார். பெரிய சோதனை! எதிரே உட்கார வைத்து, பேர் என்ன, எந்த மெஷின், காது நன்றாகக் கேட்கிறதா என்று கேட்பார். இவர்கள் அவர் உதட்டைப் பார்த்து டக்கென்று பதில் சொல்லிவிட்டு, வெளியே வந்து ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். டாக்டரையே ஏமாற்றிவிட்டார்களாம். காது போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று எவனோ கிளப்பிவிட்ட பயம் வேறு. காது மந்தமானால் சத்தமில்லாத ஸ்டோருக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் விதி. யூனியன் ஆபீசில் போய் நின்ற பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

நான் அங்கே போக ஒரு காரணம் இருந்தது. போன மாதம் மகள் போன் செய்தாள். இவர்தான் எடுத்தார். போனில் உதடு ஏது? "சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் பிள்ளை விம்மிக்கொண்டிருந்தாள். வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா சந்தோஷம் என்றிருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வலது காது மொத்தமாகப் போய்விட்டது, இடது காதில்தான் கொஞ்சம் மிச்சம் என்று அன்றைக்குத்தான் என்னிடம் ஒப்புக்கொண்டார். அந்த மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். ஸ்டோருக்கு மாற்றல் கேட்டே தீருவது என்று இந்த வருஷச் சோதனைக்கு நானும் கூடவே போனேன்.

வராந்தாவில் பிரஸ் ஷாப் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் வழக்கம்போல் கேட்க, இவரும் பழக்கதோஷத்தில் பளிச்சென்று பதில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், கையில இருக்கற காகிதத்த வாய்க்கு முன்னால வச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றேன்.

டாக்டர் முறைத்தார். ஆனாலும் அப்படியே கேட்டார். இவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். இவர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் வரைக்கும் காது நல்லாத்தான் இருந்துச்சும்மா. வருஷா வருஷம் நானே பாத்திருக்கேன். மெஷின் சத்தத்தால போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இது வயசுக் கோளாறு."

மாற்றல் கிடையாதாம். பிரஸ்ஸிலேயே நிற்கலாமாம்.

"இத்தன வருஷமா அவர்தான் உங்க வாயப் பாத்தார். நீங்க எங்க சார் அவர் காதப் பாத்தீங்க?"

டாக்டர் அடுத்த ஆளை வரச் சொன்னார்.

டாக்டர் குனிந்தபடியே பேசியதால் இவருக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் உதட்டசைத்துச் சொன்னேன். இவ்வளவு காலமும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது, சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய், வரிசையில் நின்றவர்களைப் பார்த்து உதட்டை அசைத்தார். டாக்டருக்கு முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு உதடு தெரிந்தது.

கண்ண மூடிக்கோங்க. அவர் கேக்கறப்போ எல்லாரும் கண்ண மூடிக்கோங்க.

அடுத்து உள்ளே போனவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம்தான் கல்யாணம் ஆனவன், தலையில் ஒரு நரை கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பேர் என்ன?" என்று டாக்டர் கேட்டார். பதில் இல்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை கேட்டார். எழுந்து, பக்கத்தில் வந்து நின்றும் கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு கண்ணைத் திறக்காமலே, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"நான் ரெடி சார். நீங்க கேளுங்க."