தெரிந்தே இறங்கிய பாதை

மூன்றாவது நாளும் தேவிகாதான் கடைசி.

வடக்கு வியட்நாமின் மலைச்சாலையில் எட்டுப் பேர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள். ஞாயிறுதோறும் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்ந்து ஏறிப் பழகியவர்கள். ஏலகிரியில் ஏறி முடித்தால் டீக்கடை வரும். இங்கே ஒரு மலை முடிந்த இடத்தில் அடுத்த மலை தொடங்கியது.

தேவிகாவை இதற்கு இழுத்து வந்தவள் பில்கிஸ். இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. ஒரே சமயத்தில் பத்து நாள் லீவுக்காக மேனேஜரிடம் மன்றாடியதும் பில்கிஸ்தான்.

ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் மற்றவர்கள் குளிரில் அரை மணி நேரம் தேவிகாவுக்காகக் காத்து நின்றார்கள். அவள் தலை தெரிந்ததும் மருந்துக்கடை சீனிவாசன் கைதட்டுவார்.

"சூப்பர் மேடம்! அவ்ளோதான், வந்துட்டீங்க!"

எல்லோரும் சேர்ந்து தட்டுவார்கள். அவள் தண்ணீர் குடிப்பதற்குள் வழிகாட்டி துவான் கிளம்பச் சொல்லி விசில் ஊதிவிடுவான். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று மதியம் மூடுபனி இறங்கியது. பின்னால் வரவேண்டிய வேன், வயிற்றுப்போக்கு வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போயிருந்தது. பில்கிஸ் வேண்டுமென்றே மெதுவாக மிதித்து அவள் பக்கத்திலேயே வந்தாள்.

"என்னால நீ ஏன் லேட் ஆவுற? போ."

"எனக்கு இன்னா அவசரம்?"

"போன்னு சொல்றேன்ல! நீ கூட வந்தாதான் எனக்கு பேஜார் ஜாஸ்தியா இருக்குது."

பில்கிஸ் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுத்தி மிதித்துப் பனிக்குள் மறைந்தாள்.

சற்றுத் தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. துவான் தரையில் சாக்பீஸால் அம்பு போட்டிருந்தான். இடப்பக்கம், ஏற்றம். வலப்பக்கச் சாலை கீழே இறங்கியது. தேவிகா அம்பை நன்றாகப் பார்த்தாள். மேலே கைதட்டக் காத்திருப்பவர்களை நினைத்தாள். சைக்கிளை வலப்பக்கம் திருப்பினாள்.

இருபது நிமிடம் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அழுகை வருமளவுக்குச் சுகமாக இருந்தது. பிறகு தார் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. சேறு அப்பிச் சக்கரம் சுற்ற மறுத்தது. போனில் சிக்னல் இல்லை. இறங்கியதையெல்லாம் இனி ஏற வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பத்தடி தள்ளினாள், நின்றாள். மீண்டும் பத்தடி. விறகுச் சுமையோடு வந்த ஒரு பெண்ணிடம் கையை நீட்டி, "ரோடு? ரோடு?" என்றாள். அந்தப் பெண் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டாள். விரல்கள் மரத்துப்போயின. இருட்டினால் இங்கேயே செத்துவிடுவோம் என்று தோன்றியது. சேற்றிலேயே உட்கார்ந்து, "பில்கிஸ்! பில்கிஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வேனின் ஹாரன் கேட்டது. துவான் ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். "சாரி, சாரி" என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேனுக்குள் பில்கிஸ் சாய்ந்து கிடந்தாள். அவளுடைய இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தேவிகாவைத் தேடிப் பனியில் சைக்கிளில் வேகமாக இறங்கியபோது விழுந்து, தோள் எலும்பு முறிந்திருந்தது.

"யா அல்லா, கெடச்சிட்டியா! மழைல அம்பு அழிஞ்சி போச்சாம். வேல போய்டும்னு துவான் அழுவுறான் பாரு."

தேவிகாவின் பற்கள் கிடுகிடுத்தன. "அழியல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இப்படி இறங்கினேன்."

"ஏன்?"

"மறுபடி எல்லாரும் கைதட்டுவாங்க. என்னால முடியல பில்கிஸ்."

பில்கிஸ் துவான் பக்கம் கண்ணைக் காட்டினாள். "மொதல்ல அவங்கிட்ட சொல்லு."

தெரிந்த ஆங்கிலத்தில் தேவிகா சொன்னாள். அம்பு சரியாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்று. துவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டுக்குப் போனான்.

வேன் குலுங்கும்போதெல்லாம் பில்கிஸ் பல்லைக் கடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தேவிகா இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். ஆஸ்பத்திரி இருந்த ஊரை நெருங்கும்போதுதான் பில்கிஸ் பேசினாள்.

"ஹெல்மெட்ட கழட்டி வுடு. கைய தூக்க முடில."

தேவிகாவின் விரல்களில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. கொக்கியைத் தடவித் தடவித் தேடினாள். பில்கிஸ் அவளைப் பார்க்காமலே தாடையைச் சற்று உயர்த்திக் கொடுத்தாள்.