மசூர் பாஸ் கைவேலை

மசூர் அம்பிளிபயரின் நொப்பை, முன்பக்கத் திருகு குமிழை, பிடித்து மெல்லத் திருப்பினார். அது திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

கல்முனையில் முதலாளி அப்ராஸின் பட்டறையில் அம்பிளிபயர் செய்கிறார்கள். இரைச்சல் வராமலிருக்க வொலியூம் கொன்றோலைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து, முன்னாலுள்ள நொப்பை ஒரு நீளக் கம்பியால் அதோடு இணைப்பார்கள். கம்பி நூலளவு சரிந்தாலும் நொப் இறுகும், இல்லாவிட்டால் கரகரக்கும். மசூர் கம்பியைப் பொருத்திப் பூட்டினால் எண்ணெயில் ஓடுவதுபோலத் திரும்பும். தொலைவிலுள்ள பொத்துவிலிலிருந்து வருகிறவர்கள்கூட, "மசூர் பாஸ் பூட்டினதா?" என்று, கைதேர்ந்த தொழிலாளிக்குரிய 'பாஸ்' பட்டத்தோடு கேட்டுத்தான் வாங்குவார்கள். அதனால் அப்ராஸ் 'மசூர் பாஸ் கைவேலை' என்று ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினான்.

அந்தப் பெயரைச் சம்பாதித்த விரல்களைச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தின்றுவிட்டது. நுனியில் உணர்வே இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

பகல் சோறு கொண்டுவரும் மனைவி முஸ்பிறாதான் கைகொடுத்தாள். மருதமுனையில் பதினெட்டு வருடம் கைத்தறி நெய்தவள். ஓர் இழை தளர்ந்தாலும் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அப்ராஸும் மற்றவர்களும் லுஹர் என்ற பகல் தொழுகைக்குப் போனதும் நொப்பைத் திருப்பிப் பார்ப்பாள்.

"இஞ்சாருங்க, பாதிக்கு வாறக்குள்ள ஒரு உரசல் இரிக்கி."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். கம்பிர வாயில பிசிறு நிக்கிது போல."

அவர் அரத்தால் தேய்ப்பார். அவள் மறுபடியும் திருப்புவாள். போகப் போக அரமும் கிறீசும் திருகாணியும் அவள் கைக்கே வந்துவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை மூன்று மாதம் நடந்தது.

ஒரு புதன்கிழமை, ஈயம் பற்றவைத்த கம்பியை ஆறுவதற்குள் மசூர் எடுத்துவிட்டார். கருகிய வாடை வந்ததும், எலி ஏதும் வயரில் மாட்டிவிட்டதோ என்று மேசைக்கடியில் குனிந்து தேடினார். அப்ராஸ்தான் ஓடிவந்து கம்பியைத் தட்டிவிட்டான். மூன்று விரல்களின் தோல் அதோடு போனது.

"காக்கா, நோகல்லியா?"

"நோகுதுதான்."

"கண்ண மூடுங்க. இப்ப எந்த விரலத் தொடுறன்?"

மசூர் சற்று யோசித்தார். "சின்ன விரல்."

அப்ராஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எந்த விரலையும் அவன் தொட்டிருக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்ற முஸ்பிறா அதைப் பார்த்து அழுதுவிட்டாள். அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லியும்விட்டாள்.

அப்ராஸ் கெட்டவனில்லை. அவரைக் காக்கா என்றும் அவளை ராத்தா என்றும், அண்ணன் அக்கா முறையில்தான் கூப்பிடுவான். தன் செலவிலேயே மருந்து கட்டுவித்தான். பிறகு சொன்னான்:

"காக்கா இனி ஊட்ட இரிங்க. ராத்தா, நீங்க இந்த வேலய ஊட்டயே வெச்சிச் செய்ங்க. பெட்டிய நான் அனுப்புறன்."

"சம்பளம் இவருக்குத் தந்த மாதிரிதானே தம்பி?"

"அது பாஸ்மாருக்குக் குடுக்கிறது. பொம்புளயளுக்கு அரைவாசிதான் ராத்தா. ஊட்டுல இரிந்து செய்யிறதுதானே."

"மூணு மாசமா நான்தானே பூட்டினன்."

"அத வெளிய கதைச்சிராதீங்க. ஆக்கள் வாங்கமாட்டாங்க."

 மசூர் தன் கையிலிருந்த மருந்துக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஓட்டோவில் ஆறு பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு சுருள் ஸ்டிக்கர். முஸ்பிறா ஜன்னல் வெளிச்சத்தில் இருந்து பூட்டினாள். பெட்டி அசையாமல் மசூர் பிடித்துக்கொண்டார். அஸர் தொழுகைக்கு முன்னர் முதலாவது முடிந்தது. அவள் நொப்பைத் திருப்பினாள். சத்தமே இல்லை.

"ஸ்டிக்கரயாவது நான் ஒட்டுறன் புள்ள."

ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தார். கட்டில்லாத விரல்களுக்குத் தாளும் தெரியவில்லை, பசையும் தெரியவில்லை. ஸ்டிக்கர் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. முஸ்பிறா அதை எடுத்து உரித்து, 'மசூர் பாஸ் கைவேலை' என்ற எழுத்துக்களை நொப்புக்கு மேலே நேராக வைத்தாள். அவர் கட்டுப் போட்ட கையால் அதை அழுத்தினார். அவள் அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.