பதினோரு நிமிடப் பேச்சு

எயுதோசியா சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி ஆறு வருடமாகிவிட்டது. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் அவள் கணவன் ஃபுல்ஹென்சியோவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். விடிந்ததும் தலைநகர் லீமாவின் தெற்குச் சாலை பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி போட்டு, பார்லியும் ஆளிவிதையும் கொதிக்கும் எமோலியென்ட்டே என்ற சூடான பானம் விற்பாள். மதியத்துக்கு மேல் தையல் கூடத்தில் காற்சட்டைகளுக்கு ஜிப் வைப்பாள்.

"அக்கா, இது மூணாவது டம்ளர். நான் கேட்டது ஒண்ணுதான்" என்று வங்கிக் காவலாளி அப்தோன் கேலி செய்வார். "என்னைக் குளிப்பாட்டுறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவளும் சேர்ந்து சிரிப்பாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடுவதையும், வீட்டு வாசலில் சாவியோடு நின்று, வந்தோமா கிளம்பினோமா என்று குழம்புவதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்தாறுதான்.

ஆகஸ்டில், வடக்கே பைதா துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. அதில் அவள் ஒரே மகன் யோபேர் இருந்தான். ஒன்பது நாள் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

அவனோடு வாழ்ந்த மிரெயா பஸ் ஏறி லீமாவுக்கு வந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"அத்தை, என்ன பேரு சொன்னீங்க?"

"யாருக்கும்மா?"

மிரெயா வயிற்றில் கை வைத்தாள். "படகு ஏறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசினாரே. குழந்தை விஷயத்தைச் சொன்னதும் நீங்க ஒரு பேரு சொன்னீங்களாம். அவருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. 'வந்து சொல்றேன், அதுவரைக்கும் மண்டையை உடைச்சுக்கோ'ன்னு சிரிச்சார்."

எயுதோசியாவுக்குக் குழந்தையே புதுச் செய்தியாக இருந்தது. செல்பேசியை எடுத்துப் பார்த்தாள். படகு கிளம்பிய செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு யோபேரின் அழைப்பு. பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாள்.

தையல் கூடத்துக்கு ஓடினாள். பக்கத்து மெஷின் நெலிதா சொன்னாள்: "பேசினியேடி! போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, தைச்சுக்கிட்டே பேசினே. 'டேய் கழுதை, நிஜமாவா?'ன்னு கத்திச் சிரிச்சே. அப்புறம் மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை."

தான் சிரித்ததுகூட நினைவில்லை.

வீட்டில் மிரெயா ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே அதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. எதுவும் அதுவாக இல்லை.

"பொய்யாவது ஒண்ணு சொல்லுங்க, அத்தை. அதையே வச்சுடறேன்."

"அவன் ஆசைப்பட்ட பேரு மேல வேற பேரை எப்படிம்மா தூக்கி வைப்பேன்?"

"பெத்த பிள்ளை கடைசியாப் பேசினது ஒரு அம்மாவுக்கு மறக்குமா?" மிரெயா அன்றே ஊர் திரும்பினாள்.

மருத்துவ நிலையத்து டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "தூங்காத மூளையில பேசினது பதியாதும்மா. பதிஞ்சாத்தானே திரும்ப எடுக்க முடியும்?"

"இனிமே நல்லாத் தூங்கினா?"

"இனிமே நடக்கிறது ஞாபகம் இருக்கும்."

நாத்தனார் வந்து ஃபுல்ஹென்சியோவைப் பார்த்துக்கொண்டாள். எயுதோசியா தையல் வேலையை விட்டுவிட்டுத் தூங்கினாள். இரண்டு மாதத்தில் தலை தெளிந்துவிட்டது. எது தன்னிடம் இல்லை என்பதும் அந்தத் தெளிவில்தான் முழுதாக உறைத்தது.

ஜனவரியில் மிரெயாவின் தம்பி ஒரு குரல்செய்தி அனுப்பினான். பெண் குழந்தை. மிரெயாவின் அப்பா அதற்கு சோய்லா என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஃபுல்ஹென்சியோ படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினான். "நீ சொன்னது இதுவா இருக்குமோ?"

"தெரியலையே" என்றாள் அவள். அந்தப் பெயர் எங்காவது தட்டுப்படுகிறதா என்று செய்தியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.